அம்மா கொடுத்த எலும்பு

நுண்ணோக்கியிலிருந்து அக்கா தலையை எடுக்கவே இல்லை. துறையூர்ப் பக்கத்துக் கிராமத்தில் தன் அம்மாவுக்குக் காரியம் முடித்துவிட்டு அன்று காலைதான் ஆய்வகத்துக்குத் திரும்பியிருந்தார். வந்ததும் என்னிடம் மட்டும், "அந்த செல்லு இன்னும் உயிரோட இருக்கா?" என்று கேட்டார். எந்த செல் என்று நான் கேட்கவில்லை. உடல் சூட்டிலேயே வைத்திருக்கும் பெட்டியைத் திறந்து, இளஞ்சிவப்பு நீர் நிரம்பிய தட்டை எடுத்து வந்து வைத்தேன். அக்காவின் அம்மாவை எரித்துச் சாம்பலையும் கரைத்தாகிவிட்டது. அறுவைச் சிகிச்சையில் எடுத்த அவருடைய எலும்பிலிருந்து வளர்ந்து வந்த செல்கள் தட்டின் அடியில் நீண்டு ஒட்டிக்கொண்டு இன்னமும் பெருகிக்கொண்டிருந்தன.

அக்கா எனக்கு உறவில்லை. திருச்சியில் ஓர் ஆய்வகத்தில் பல வருடம் பக்கத்துப் பக்கத்து மேசையில் வேலை பார்த்தோம். என்னைவிட மூத்தவர் என்பதால் அக்கா. நம் எலும்பு கல்லைப் போல் சும்மா கிடப்பதில்லை. அதைக் கரைக்கும் செல்கள் ஒரு பக்கம், கட்டும் செல்கள் ஒரு பக்கம் என்று ஓயாமல் வேலை நடக்கிறது. ரத்தத்தில் சர்க்கரை பல காலம் ஏறிக் கிடந்தால் கட்டும் செல்கள் சோர்ந்துபோகின்றன. ஏன் என்பதுதான் அக்காவின் கேள்வி. மரபணுவின் எழுத்து மாறுவதில்லை. ஆனால் அதன்மேல் சின்னச் சின்ன வேதிக் குறிகள் வந்து ஒட்டிக்கொண்டு, இதைப் படி, இதைப் படிக்காதே என்று செல்லுக்கு உத்தரவு போடுகின்றன. சர்க்கரை இறங்கிய பிறகு அந்தக் குறிகளும் போய்விடுமா, அப்படியே தங்கிவிடுமா என்று பார்க்கத்தான் அக்கா அத்தனை வருடத்தைச் செலவழித்தார்.

அந்தக் கேள்வி அவருக்கு வீட்டிலிருந்தே வந்தது. அப்பா இறந்தபின் அம்மாவை ஊரிலிருந்து அழைத்து வந்து ஸ்ரீரங்கத்தில் ஒரு சிறு வீட்டில் குடிவைத்திருந்தார். சோளக்காட்டிலும் வெங்காயக்காட்டிலும் குனிந்தே காலம் கழித்த அம்மாவுக்குச் சர்க்கரை இருந்தது வெகுகாலம் யாருக்கும் தெரியாது. காலில் ஒரு புண் ஆறாமல் கிடந்தபோதுதான் தெரிந்தது. அதற்குப்பின் அக்கா விடவில்லை. அளந்து சோறு, வேளைக்கு மாத்திரை, காலையில் கொள்ளிடக் கரைப் பக்கம் நடை. பக்கத்து வீட்டு மாமி கோவிலிலிருந்து சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்து நீட்டினால், "எம் மவ வேணாம்னுருக்கா" என்று அம்மா கையைப் பின்னால் கட்டிக்கொள்வார். நானே பார்த்திருக்கிறேன். சர்க்கரை கட்டுக்குள் வந்தது. ஒவ்வொரு பரிசோதனை முடிவையும் அக்கா பள்ளிக்கூடத்து ரேங்க் கார்டைப் போல என்னிடம் காட்டுவார்.

அப்படியிருந்தும் ஒரு மழைநாளில் குளியலறை வாசலில் வழுக்கி, மெல்ல உட்கார்ந்ததைப் போலத்தான் விழுந்தார் அம்மா. இடுப்பு முறிந்துவிட்டது. தொடையெலும்பின் உருண்டைத் தலையை எடுத்துவிட்டு உலோகத்தில் வைக்க வேண்டும் என்றார்கள். எடுக்கும் எலும்பை வழக்கமாக எரித்துவிடுவார்கள். நோயாளி சம்மதித்தால் எங்கள் ஆய்வகத்துக்கு வரும். அக்கா அம்மாவிடம் அதைக் கேட்கவில்லை, கேட்கவும் கூடாது. ஆஸ்பத்திரி டாக்டர்தான் விளக்கிச் சொன்னார். நான் கட்டிலருகே நின்றிருந்தேன். அம்மா பாதியிலேயே சொல்லிவிட்டார். "தூக்கிப் போடுறதுதானே சார். இதத்தான் எம் மவ தேடிக்கிட்டுத் திரியுறா. எடுத்துக்கட்டும்."

ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் காவிரிப் பாலத்தைக் கடந்தது நான்தான். சொந்த அம்மாவின் எலும்பை மகள் தொடக் கூடாது என்று எங்கள் பேராசிரியை சொல்லிவிட்டார். பெயர் இல்லாமல் எண் மட்டும் எழுதிய புட்டியில் அதை வெட்டிப் போட்டேன். மஞ்சளாக, கொழுப்பேறி, கத்திக்கு எளிதாக இடம் கொடுத்தது. அத்தனை எளிதாக இருந்ததுதான் எனக்குப் பயமாக இருந்தது. அக்கா அறையின் மறுகோடியில் எனக்கு முதுகு காட்டி எதையோ கழுவிக்கொண்டிருந்தார்.

அம்மா அதன்பிறகு எழுந்து நடக்கவில்லை. படுத்த படுக்கையில் நெஞ்சில் சளி கட்டி, பங்குனியில் போய்ச் சேர்ந்தார்.

தட்டில் இருந்த செல்களும் எத்தனை நாள்தான் பெருகும்? மெல்ல வேகம் குறைந்தது. குறிகளைப் படிக்க வேண்டுமென்றால் செல்லை உடைத்துத்தான் மரபணுவை எடுக்க முடியும். கொஞ்சத்தை உறையவைத்துப் பத்திரப்படுத்தலாமே என்றேன். திரவ நைட்ரஜனில் எத்தனை வருடமானாலும் கிடக்கும்.

"எதுக்கு? எடுத்து எடுத்துப் பாக்கவா?" என்றார் அக்கா. "அம்மா இத எனக்குக் குடுக்கல. வேலைக்குக் குடுத்தாங்க."

அன்று மட்டும் பேராசிரியை தடுக்கவில்லை. அக்காவே மருந்தை ஊற்றினார். செல்கள் உடைந்து, தட்டில் வழவழவென்று ஒரு நீர் மட்டும் மிஞ்சியது. கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றார். நான் பின்னால் போகவில்லை.

முடிவுகள் வந்தபோது குறிகள் அப்படியே இருந்தன. அம்மா கட்டுப்பாடாக இருந்த வருடங்கள் எலும்பைத் தொடவே இல்லை. தெரியாமல் போன பழைய வருடங்களைத்தான் அது வைத்திருந்தது. மற்ற நோயாளிகளின் எலும்பிலும் பெரும்பாலும் அப்படித்தான். ஆய்வு வென்றது. பேராசிரியை கைகொடுத்தார். மற்றவர்கள் இனிப்பு வாங்கி வந்தார்கள். அக்கா எடுத்துக்கொள்ளவில்லை.

"அப்ப எதுக்கு அவங்கள அப்புடி வாயக் கட்ட வெச்சேன்?" என்று பஸ் ஸ்டாப்பில் கேட்டார்.

கண்ணும் சிறுநீரகமும் அதனால்தான் பிழைத்தன என்றேன். அது உண்மையும்கூட.

"தெரியும்" என்றார். "எனக்குத் தெரியாததா? ஆனா ஒரு வாய் பொங்கலுக்குக் கையப் பின்னால கட்டிக்கிட்டாங்களே, அது கண்ணு முன்னாடியே நிக்குது."

பிறகு அக்கா வெளியூரில் வேலைக்குப் போய்விட்டார். அந்தக் குறிகளை அழிக்க வழி உண்டா என்று தேடுகிறார். இன்னும் கிடைக்கவில்லை. நான் இங்கேயே பாலக்கரையில் குடியிருந்துகொண்டு, அதே ஆய்வகத்தில் அதே வேலையைப் பார்க்கிறேன். பிரசுரமான கட்டுரையில் ஒரு படம் இருக்கிறது. ஒவ்வொரு நோயாளியும் அதில் ஒரு கறுப்புப் புள்ளி. மாணவர்களுக்கு அதைக் காட்டும்போது ஒரு புள்ளியின்மேல் மட்டும் என் விரல் படாமல் பார்த்துக்கொள்கிறேன்.

போன மாதம் அக்கா போன் செய்தார். வெயில், மழை, என் பிள்ளையின் படிப்பு என்று விசாரித்துவிட்டு, தனக்கும் சர்க்கரை வந்துவிட்டதாகச் சொன்னார். எப்போதிருந்து என்றேன். தெரியவில்லை, எத்தனை வருடமாக ஏறிக் கிடந்ததோ என்றார்.

"எனக்கு எப்பவாச்சும் இடுப்பு ஒடிஞ்சா, நீயே வந்து எடுத்துட்டுப் போயிடு. வேற யாருகிட்டயும் விடாத."

ஆறுதலாக எதையாவது சொல்லியிருக்கலாம். அவரிடம் பொய் நிற்காது.

"சரிக்கா" என்றேன்.