மூன்றாம் மாடி பிரிண்டர்

அந்த ஆஸ்பத்திரியில் அவளைக் கம்ப்யூட்டர் அக்கா என்றுதான் சொல்வார்கள். சொல்வார்களே தவிர, கூப்பிட்டுப் பேசுவது குறைவு. படிக்கட்டுக்கு அடியில், ஜன்னல் இல்லாத அறையில் வேலை. ரத்தப் பரிசோதனை விவரங்கள் டேட்டாபேஸில் வந்து சேரும். அவை ரிப்போர்ட்டாக அச்சாகிப் போகும்படி பார்த்துக்கொள்வது அவள் பொறுப்பு. எல்லாம் ஒழுங்காக ஓடும்வரை அப்படி ஒருத்தி இருப்பதே யாருக்கும் நினைவு வராது.

முன்பு அண்ணன் குடும்பத்தோடு இருந்தாள். அண்ணனுக்கு வேறு ஊருக்கு மாற்றலானபோது, பெட்டியைக் கட்டிக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல், "நீயும் வாயேன்" என்றாள் அண்ணி. "எனக்கு இங்க வேலை இருக்கே அண்ணி" என்று இவளும் சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் ரேடியோ மட்டும்தான் பேசியது.

மூன்றாம் மாடி லேபுக்குப் புது பிரிண்டர் வந்து இறங்கியதும் ரிப்போர்ட்டெல்லாம் தாறுமாறாகிவிட்டது. ஒரு ரிப்போர்ட்டில் மூன்று பகுதி. டாக்டருக்கான சுருக்கம் ஆஸ்பத்திரிப் பெயர் போட்ட தடித்த தாளில் வர வேண்டும். அளவுகள் அடங்கிய அகலமான அட்டவணை வெள்ளைத்தாளில், படுக்கைவாட்டில். நோயாளிக்கான அறிவுரை மஞ்சள் தாளில், பெரிய எழுத்தில். எந்தப் பகுதி எந்தத் தட்டிலிருந்து தாள் எடுக்க வேண்டும் என்று பழைய பிரிண்டருக்குச் சொல்லிவைத்திருந்தாள். புதியதில் தட்டுகளின் வரிசையே வேறு.

ஒவ்வொன்றாக மாற்றி மேலே அனுப்பினாள். மேலே என்ன வந்து விழுகிறது என்று கீழே இருப்பவளுக்கு எப்படித் தெரியும்? இன்டர்காமை எடுத்தாள். லேப் கவுன்டரில் இருந்த பெண் பேசினாள்.

"அக்கா, அட்டவணை மஞ்சள் தாள்ல வந்திருக்கு. அதுவும் பாதி வெட்டுப்பட்டு."

"இருங்க, மாத்தி அனுப்புறேன்."

"இப்ப டாக்டருக்கான பக்கம் படுத்துக்கிட்டு வருது."

"அதை எழுப்பி நிக்க வைக்கிறேன்."

அந்தப் பெண் வாய்விட்டுச் சிரித்தாள். தன் பேச்சுக்கு ஒருவர் சிரித்து எவ்வளவு காலமாயிற்று என்று இவளுக்கே ஞாபகமில்லை. மதியம் முழுக்க அப்படியே போயிற்று. ஒரு தாளுக்கும் அடுத்த தாளுக்கும் நடுவில் மாமியாரின் முழங்கால் வலி, சோற்றைக் கண்டால் ஓடும் மகள் என்று அந்தப் பெண் ஏதாவது சொல்லிக்கொண்டே இருந்தாள்.

"சாப்டீங்களாக்கா?"

"முடிச்சிட்டுச் சாப்பிடறேன்."

"முதல்ல சாப்பிடுங்க. பிரிண்டர் எங்க ஓடிடப் போகுது?"

சாயங்காலம் மூன்று பகுதியும் அதனதன் தாளில் விழுந்தன. "கலக்கிட்டீங்கக்கா" என்று சொல்லி அந்தப் பெண் போனை வைத்தாள்.

மறுநாள் இன்டர்காம் அடிக்கவேயில்லை. எல்லாம் சரியாக வந்தால் எதற்கு அடிக்கும்? உச்சிவேளை வரை பொறுத்துப் பார்த்தாள். பிறகு மஞ்சள் தாள் தட்டுக்குச் சும்மா ஒரு பக்கத்தை அனுப்பிவைத்தாள். உடனே மணி அடித்தது.

"வெறும் தலைப்பு மட்டும் வந்திருக்கு. இது யாருக்குக்கா?"

"யாருக்கும் இல்ல. சும்மா டெஸ்ட்."

"அப்ப கிழிச்சுப் போட்டுடறேன். வேற ஒண்ணும் இல்லையே? இங்க ஒரே கூட்டம்."

இவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அப்புறம் என்ன தோன்றியதோ, சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு மாடி ஏறினாள்.

கவுன்டரைச் சுற்றி ஈ மொய்ப்பதுபோல் ஆட்கள். நடுவே, நினைத்ததைவிட மெலிந்த ஒரு பெண்.

"நான் கீழயிருந்து..." என்று இவள் ஆரம்பித்தாள்.

"அட, நீங்கதானா அக்கா? ஒரு நிமிஷம் உக்காருங்க, வந்துடறேன்."

நோயாளிகளின் நாற்காலி வரிசையில் உட்கார்ந்தாள். பக்கத்திலிருந்த பெரியவர் விசாரித்தார். "கூட யாரும் வரலையாம்மா?"

"இல்லங்க. நான் இங்கதான் வேலை பாக்கறேன்."

கூட்டம் குறையவில்லை. இடைவேளை முடிந்து, திறக்காத டப்பாவோடு எழுந்தாள். தலைகளுக்கு மேலே அந்தப் பெண்ணின் கை உயர்ந்தது. தனக்குத்தானா, அடுத்த ஆளைக் கூப்பிடவா என்று புரியவில்லை. இவளும் லேசாகக் கையை உயர்த்திவிட்டுப் படியிறங்கினாள்.