விசில் நின்ற மத்தியானம்

சாந்தியால் ஒரு வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. அன்றைக்கு நான் கண்ட முதல் அறிகுறி அதுதான்.

என் மனைவி சாந்தி, கட்டபெட்டு என்ற மலையூருக்குப் பக்கத்தில் ஒரு தேயிலை ஃபேக்டரியில் தூள் சலிக்கும் பிரிவில் வேலை பார்த்தாள். நான் அதே ஃபேக்டரிக்குப் பச்சை இலை ஏற்றிவரும் பிக்கப் ஓட்டுகிறேன். மூச்சு விடாமல் பேசுகிறாள் என்று அவளைக் கேலி செய்வேன். ஆஸ்துமா (மூச்சுக்குழல்கள் வீங்கிச் சுருங்கும் நோய்) என்று மருத்துவர் சொன்ன நாளோடு அந்தக் கேலியை விட்டுவிட்டேன்.

அதற்கு முன் பல மாதங்கள் விடியற்காலையில் இருமல். பனி ஒத்துக்கொள்ளவில்லை என்று சுக்குக் காப்பி குடித்துக்கொண்டிருந்தோம். மருத்துவர் இரண்டு இன்ஹேலர்கள் கொடுத்தார். ஒன்று தினமும் இழுக்க. நீல நிறத்தது மூச்சு முட்டும்போது. உடம்பு தேறியதும் தினசரி மருந்தை சாந்தி நிறுத்திவிட்டாள். "நல்லாத்தானுங்க இருக்கேன், எதுக்குச் சும்மா இழுத்துட்டு?" என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவளுக்குச் சளி பிடித்திருந்தது. நான் முற்றிய அவரைக்காய் வாங்கி வந்ததற்காக, சமையலறையில் திட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, காயை... ஒடிச்சு... பாத்து..."

அங்கேயே நின்றாள். மேடையைப் பிடித்துக் குனிந்தாள். தோள்கள் ஏறி இறங்கின. மூச்சு இழுக்கும்போதெல்லாம் கழுத்தெலும்புக்கு மேலே குழி விழுந்தது. நெஞ்சுக்குள்ளிருந்து விசில் போல ஒரு சத்தம்.

"ஏம்புள்ள, முட்டுதா?"

தலையை மட்டும் ஆட்டினாள்.

படுக்க வைக்கவில்லை; நிமிர்ந்து உட்கார வைத்தேன். நீல இன்ஹேலரை ஸ்பேசரில் (மருந்து வீணாகாமல் உள்ளே போக உதவும் குடுவை) பொருத்தி, மருத்துவர் சொல்லியிருந்தபடி ஒவ்வொரு அழுத்தாக, இடைவெளி விட்டுக் கொடுத்தேன். சற்று நேரத்தில் விசில் குறைந்தது. பிறகு நின்றேவிட்டது. அப்பாடா என்று இருந்தது.

ஆனால் சாந்தி நிமிர்ந்து பார்க்கவில்லை. உதடு நீலம் பாரித்திருந்தது. கண் சொருகியது.

"காய் முத்தலுதான் புள்ள. நாந்தான் பாக்காம வாங்கிட்டேன்" என்று சொல்லிப் பார்த்தேன்.

அவள் ஒன்றும் சொல்லவில்லை. கல்யாணமான நாளிலிருந்து, நான் ஒப்புக்கொண்ட தப்பை அவள் சும்மா விட்டதே இல்லை. உடனே ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். வண்டி வரும்வரை மருந்து கொடுப்பதை நிறுத்தவில்லை. ஆக்சிஜன் வைத்து ஏற்றினார்கள். வழி முழுக்க என் சட்டை நுனியைப் பிடித்திருந்தாள்.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, நெபுலைசர் (மருந்தைப் புகைபோல் ஆக்கி முகமூடி வழியாகச் செலுத்தும் கருவி) வைத்தார்கள்.

"சத்தம் நின்னதும் சரியாயிருச்சுன்னு நெனச்சேனுங்க" என்றேன் மருத்துவரிடம்.

"நெறையப் பேரு அப்படித்தாங்க நெனைக்கறாங்க. குழாய் ரொம்பச் சுருங்கிட்டா காத்தே போகாது. காத்து போகாதப்ப சத்தம் எங்கிருந்து வரும்? நீங்க கூட்டிட்டு வந்ததுதான் நல்லது" என்றார் அந்த மருத்துவர்.

உங்கள் வீட்டிலும் மூச்சிளைப்பு உள்ளவர் இருந்தால், உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். சத்தத்தை மட்டும் நம்பாதீர்கள். முகத்தைப் பாருங்கள். பேச வையுங்கள். பேச்சு உடைந்தால் காத்திருக்க வேண்டாம்.

சாயங்காலம் சாந்தி முகமூடியை விலக்கி, "சாப்டீங்களா?" என்றாள். நர்ஸ் அதட்டி மறுபடி மாட்டிவிட்டார். நான் வராந்தாவுக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

இப்போது தினசரி மருந்தை அவள் விடுவதில்லை. ஃபேக்டரியில் கேட்டு, தூள் பறக்காத, பச்சை இலை எடை போடும் இடத்துக்கு மாறிக்கொண்டாள்.

ரோட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு ஓர் ஏற்றம் உண்டு. முன்பெல்லாம் அவள் விறுவிறுவென்று முன்னால் போய்விடுவாள். இப்போது பாதியில் நிற்கிறாள். நானும் நிற்கிறேன்.

"மூச்சு உள்ள போறது இப்பத்தானுங்க தெரியுது. முன்னெல்லாம் அது பாட்டுக்குப் போயிட்டு வந்துட்டிருந்துச்சு" என்றாள் ஒரு நாள்.

எனக்கும் அப்படித்தான். கீழே தேயிலைச் சரிவில் மூடுபனி ஏறி வருவதைப் பார்த்தபடி இருப்போம். அவள் இழுக்கும்போது என்னை அறியாமல் நானும் இழுக்கிறேன். அவள் விட்ட பிறகே விடுகிறேன்.

"போலாமுங்களா?" என்பாள்.

"இருக்கட்டும் புள்ள, இன்னும் கொஞ்சம் நிப்போம்" என்பேன்.