நடுவில் நின்ற ஊசி

நான் ஒரு மீட்டரைப் பொய் சொல்ல வைத்தேன். அந்தப் பொய்யை நம்பி ஓர் அண்ணன் தன் தம்பியை ஒதுக்கிவிட்டார். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்லத் துணிந்ததற்குக் காரணம், நீங்கள் எனக்கு யாரோ என்பதுதான்.

வண்டிகளுக்கு வயரிங் வேலை செய்பவன் நான். ஊர் மார்த்தாண்டம் பக்கம். பிழைப்பு திருவனந்தபுரத்தில், கழக்கூட்டம் பைபாஸை ஒட்டிய ஒர்க்‌ஷாப்பில். என் மனைவியின் தம்பி ஜெபராஜை அங்கே என்ஜின் வேலைக்குச் சேர்த்துவிட்டதும் நானே. கைவேலை தெரிந்தவன், பொறுமை மட்டும் கிடையாது. அதனாலேயே வேறு இடங்களில் நிலைக்காதவன். "இவனுக்கு நான் பொறுப்பு" என்று முதலாளியிடம் சொல்லித்தான் உள்ளே கொண்டுவந்தேன். வீட்டில் சமாதானம் வேண்டுமென்றால் மனிதன் எதற்கெல்லாம் பொறுப்பேற்கிறான், பாருங்கள்.

ஹரி எங்கள் வாடிக்கையாளர். ஐ.டி. கம்பெனியில் வேலை, கரமனையில் வீடு, எப்போதோ திருநெல்வேலியிலிருந்து வந்து தங்கிவிட்ட குடும்பம். இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கி, என்ஜினை முழுக்கப் பிரித்துக் கட்டச் சொல்லி எங்களிடம் விட்டார். ஜெபராஜ் கட்டினான். பிறகு, ஆயில் பிரஷருக்கு ஒன்று, ஆயில் சூட்டுக்கு ஒன்று எனத் தனியாக இரண்டு மீட்டர்கள் வேண்டும் என்றார் ஹரி. ஆயில் பிரஷர் குறைந்தால் என்ஜின் உள்ளுக்குள் உராய்ந்து கெட்டுவிடும். வண்டியோடு வரும் சிவப்பு விளக்கு பிரஷர் அடியோடு போன பிறகுதான் எரியும். ஊசி இருந்தால் முன்கூட்டியே தெரியும். நியாயமான ஆசை.

ஆயில் ஃபில்டரைக் கழற்றி, அதற்கும் என்ஜினுக்கும் நடுவே ஒரு தடித்த தட்டைக் கொடுத்து, அதில் இரண்டு சென்சார்களையும் முறுக்கினேன். வயர்களை உள்ளே இழுத்து, ஏ.சி. காற்று வரும் இடத்துக்குக் கீழே மீட்டர்களைப் பதித்தேன். ஒரு சொட்டு ஒழுகவில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை, என் வேலையில் தவறில்லை என்பது இந்தக் கதைக்கு முக்கியம்.

பைபாஸில் கோவளம் வரை ஓட்டி, என்ஜினை நன்றாகச் சூடாக்கிக்கொண்டு திரும்பினேன். ஒர்க்‌ஷாப் வாசலில் நிறுத்தி, ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தேன். பிரஷர் ஊசி இறங்கியது... இறங்கிக்கொண்டே போய் அடியை ஒட்டிப் படுத்துவிட்டது; சிவப்பு விளக்கு எரியும் அளவுக்கு மட்டும் போகவில்லை.

சென்சாரை மாற்றிப் பார்த்தேன். மீட்டரையும் மாற்றிப் பார்த்தேன். ஊசி சொன்னதையே சொன்னது. என்ஜினுக்குள் பேரிங்குகள் சரியாக உட்காரவில்லை. ஜெபராஜ் கட்டியதை மறுபடியும் பிரிக்க வேண்டும். பிரித்தால் அவன் வேலை போகும், முதலாளியிடம் என் வாக்கு போகும். என் மனைவியின் முகம் எப்படி ஆகும் என்பதை எழுதப்போவதில்லை.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பழைய வண்டியில் பெட்ரோல் மீட்டர் தாறுமாறாகக் காட்டினால், வயரில் சின்னதாக ஒரு ரெசிஸ்டன்ஸ் வைத்து ஊசியை வழிக்குக் கொண்டுவருவோம். அரிசிமணி அளவுதான் இருக்கும். யாரும் அதைத் தப்பாக நினைப்பதில்லை. மிஞ்சிப்போனால் வண்டி பெட்ரோல் தீர்ந்து வழியில் நிற்கும். அதே வேலையை நான் ஆயில் மீட்டருக்குச் செய்தேன். டாஷ்போர்டுக்குப் பின்னால் வைத்து டேப் சுற்றினேன். ஊசி எழுந்து நடுவில் நின்றது.

யோசிக்காமல் செய்துவிட்டேனா? இல்லை, நன்றாக யோசித்தேன். முதல் சர்வீஸுக்கு வரும்போது ஏதாவது காரணம் சொல்லிப் பிரித்துக்கொள்ளலாம் என்று எனக்கு நானே தவணை கொடுத்துக்கொண்டேன்.

ஒன்றை மட்டும் என்னால் மறைக்க முடியவில்லை. சாவியைத் திருப்பி, என்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் விட்டால் ஊசி பூஜ்யத்தில் கிடக்க வேண்டும். ஆயில் ஓடாதபோது பிரஷர் ஏது? இந்த ஊசியோ அப்போதே சற்று மேலே நிற்கும். இதையெல்லாம் யார் பார்க்கப்போகிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

"மீட்டர் போட்டதுக்கு அப்புறம்தான் அண்ணா, நிம்மதியா ஓட்டறேன்" என்றார் ஹரி.

சர்வீஸ் வருவதற்கு முன்பே அது நடந்தது. ஹரியின் தம்பி வினு, விழிஞ்ஞம் துறைமுகத்தில் வேலை பார்ப்பவன், அண்ணனிடம் கெஞ்சி வண்டியை வாங்கிப்போனான். பைபாஸில் என்ஜின் இறுகி நின்றுவிட்டது. நல்ல வேளை, யாருக்கும் அடியில்லை. லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து எங்கள் வாசலில் இறக்கினார்கள். எல்லோரும் பானெட்டைச் சுற்றி நின்றபோது, டாஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டு அந்த அரிசிமணியைப் பிடுங்கி என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். வயரை மறுபடி முறுக்கிவிட்டேன்.

"அத்தான், போட்டு மிதிச்சிருப்பான். நான் கெட்டுன என்ஜின் அப்படிலாம் போவாது" என்றான் ஜெபராஜ். அவனுக்கு ஒன்றும் தெரியாது.

"சத்யமா மிதிக்கல" என்றான் வினு. "ஊசியைப் பார்த்துட்டேதான் ஓட்டினேன். நடுவுலதான் நின்னுது."

ஹரி என் பக்கம் திரும்பினார். "அண்ணா, நீங்க சொல்லுங்க. பிரஷர் கரெக்டா இருந்தா என்ஜின் சும்மா, வெறுதே போகுமா?"

"வெறுதே போகாது" என்றேன்.

அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. வினு என்னையே பார்த்தான். ஹரி சத்தம் போடவில்லை. "இனி என் சாதனம் ஒண்ணையும் நீ தொடாதே" என்று மட்டும் தம்பியிடம் சொன்னார். தம்பி பொய் சொல்கிறான் என்பதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை என்று பிறகு என்னிடமே வருத்தப்பட்டார்.

ஜெபராஜ் வளைகுடாவுக்குப் போய்விட்டான். காப்பாற்ற வேண்டிய ஆளே இங்கு இல்லை. அதற்குப் பிறகும் ஏன் வாயைத் திறக்கவில்லை? தெரியவில்லை... தெரியும். ஹரி என்னை நம்புகிறார். அந்த நம்பிக்கை எனக்குப் பிடித்திருக்கிறது.

சமீபத்தில் ஹரி வேறொரு வண்டி வாங்கினார். அதற்கும் நான்தான் மீட்டர் போட வேண்டுமாம்; வீட்டுக்கே வரச் சொன்னார். போனேன். மாடிக்கு வெளிப்பக்கமாகப் புதிதாக ஓர் இரும்புப் படி. மேலே குடியிருக்கும் வினு கீழ்வீட்டு வழியாக வந்துபோகாமல் இருக்கக் கட்டியது. அம்மா இரண்டு அடுப்பிலும் மாறி மாறிச் சமைக்கிறாராம்.

வேலை முடியும் தறுவாயில் வினு ஹெல்மெட்டோடு அந்தப் படியில் இறங்கி வந்தான். ஹரி டீயோடு வாசலில் நின்றிருந்தார். வினு அவரைப் பார்க்காமல் என்னிடம் வந்தான்.

"அண்ணா, ஒரு காரியம் கேட்கட்டா? அன்னிக்கு சாவி திருப்பினதும் எனக்கு ஒரு ஃபோன் வந்துது. ஸ்டார்ட் பண்ணாம பேசிட்டிருந்தேன். அப்பவே ஊசி மேல நின்னுது. அது எப்படி?"

எத்தனை காலமாக இதை மனத்தில் வைத்திருந்தானோ! ஹரியும் கேட்டுக்கொண்டுதான் நின்றார்.

"சில மீட்டர் அப்படித்தான் காட்டும்" என்றேன்.

"ஓ, ஷரி" என்று பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

கைப்பழக்கத்தில் புது வண்டியின் சாவியைத் திருப்பினேன். ஸ்டார்ட் செய்யவில்லை. ஊசி பூஜ்யத்தில் கிடந்தது. ஹரி குனிந்து அதைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இது மட்டும் ஏன் அண்ணா கீழேயே கிடக்கு?"

"இது வேற மாடல்" என்றேன்.

அவர் தலையாட்டினார். டீ ஆறுகிறது என்றார். வாங்கிக் குடித்தேன்.