சாபிரா வீட்டு நடுச்சுவர்

எங்கள் தண்டையார்பேட்டை ஹவுசிங் போர்டு பிளாக்கில் சுவரை இடிப்பவர்கள் யாரையும் கேட்பதில்லை. இடித்துவிட்டுப் பால் காய்ச்சுவார்கள், நாங்களும் போய்க் குடித்துவிட்டு வருவோம். இடிப்பதற்கு முன்னால் கொத்தனாரைக் கூப்பிட்டுக் காட்டியவள் கீழ்வீட்டு சாபிரா ஒருத்திதான்.

அவள் கணவர் ஷாகுல் ஹமீது துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். லாரியிலிருந்து விழுந்ததில் இடுப்புக்குக் கீழே விளங்காமல் போய்விட்டது. சக்கர நாற்காலி வந்தது. ஆனால் அறைக்கும் கக்கூஸுக்கும் நடுவில் உள்ள சந்தில் அது திரும்பாது. ஒவ்வொரு தடவையும் அவரைப் போர்வையில் உட்காரவைத்துத் தரையோடு இழுத்துப் போவாள் சாபிரா. அந்த நேரத்தில் யாராவது வந்துவிட்டால் மனுஷன் கண்ணை மூடிக்கொள்வார். நடுச்சுவர் இல்லாவிட்டால் நாற்காலி நேராகப் போய்விடும்.

கொத்தனார் கமால் சுவரைத் தட்டிப் பார்த்தார். மேல்மாடிக்கும் போய்ப் பார்த்தார். இறங்கி வந்தபோது அவர் முகமே சரியில்லை.

"அக்கா, இத்த தொடவே கூடாது. மேல திலீப்பு அவன் வூட்டு சுவத்த எப்பவோ எடுத்துட்டுகீறான். கர்டர் போட்டு, நடுவுல இரும்புத் தூணு முட்டு குட்த்துகீறான். அந்தத் தூணு உன் சுவத்து மேலதான் நிக்குது. அத்தினி பாரமும் இதுலதான் கீது."

"இதுல உள்ள வாசப்படியையாவது கொஞ்சம் அகலமாக்கு பாய்."

"ஒரு செங்கல்லு உருவக்கூடாதுக்கா. மேல கொயந்தைங்க கீதுங்க."

திலீப் ஓடிவந்து, "தெரியாம பண்ட்டேன்க்கா" என்று கையைப் பிசைந்தான். பிள்ளைகள் படுக்க இடமில்லாமல் எடுத்தானாம். எனக்கு வந்த கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

உள்ளேயிருந்து ஹமீது சிரித்தார். "அவன இன்னாத்துக்கு நிக்க வெச்சிகினுகீறே சாபிரா? சாத்தாங்காட்டு இரும்புக் கடைலேந்து வந்த கர்டர மேல ஏத்த மொத தோளு குட்த்ததே நான்தான்."

திலீப் அழுதுவிட்டான்.

சாபிரா வேறு கொத்தனாரைத் தேடவில்லை. தேடினால் தாராளமாக இடிக்கலாம் என்று சொல்ல இந்த ஊரில் ஆளா இல்லை? ஆனால் மேலே பிள்ளைகள் ஓடுகிற சத்தம் கேட்கிறதே, அவள் என்ன செய்வாள்.

மறுநாள் மதியம் நான் போனபோது வெயில் வீட்டுக்குள்ளேயே கொதித்தது. சாபிரா தண்ணீர்ச் சொம்பை நீட்டிக்கொண்டிருந்தாள்.

"ஒரு வாய் குடிங்க. காலைலேந்து ஒண்ணும் குடிக்கல."

ஹமீது காய்ந்த உதட்டை நாக்கால் தடவிக்கொண்டார்.

"வோணாம் சாபிரா. குடிச்சா அப்பறம் நீ இழுக்கணும்."