ஆயுத பூஜைக்கு மறுநாள் கிளம்பாத கார்

எனக்குக் கொஞ்சம் சந்தேகப் புத்தி. பத்துத் தையல் மெஷின் வைத்து பனியன் கம்பெனி நடத்துகிறவளுக்கு அது இல்லாமல் ஆகாது என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொள்வேன். வீட்டில் சர்க்கரை குறைந்தால்கூட எறும்புதான் என்று நம்பிவிட மாட்டேன்.

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை, காதர்பேட்டையில் ஒரு வியாபாரிக்குச் சாம்பிள் காட்டப் போகவேண்டியிருந்தது. டிரைவருக்கு அன்று லீவு. டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். செல்ஃப் அடித்தது, இன்ஜின் பிடிக்கவில்லை. மறுபடி திருப்பினேன். மறுபடியும் அதே கதைதான்.

பெட்ரோல் முள் பாதிக்கு மேல் நின்றது. ஹாரன் தெருவையே எழுப்பியது, அதனால் பேட்டரியைக் குற்றம் சொல்ல முடியாது. பானெட்டைத் திறந்து பார்த்தேன், எலி கடித்த வயர் எதுவும் தட்டுப்படவில்லை. பூஜை போட்டதை மறுநாள் வரை இயக்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். மெஷின் ஸ்விட்சைக்கூடத் தொட மாட்டோம். அப்படியிருக்க, நேற்று யார் இந்தக் காருக்குப் பக்கத்தில் வந்தது?

டிரைவர்தான் நேற்று வந்திருந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், நாலு வருஷமாக என்னிடம் ஓட்டுகிறார். சாயங்காலம் பொரி வாங்க வந்தவர், தலையைச் சொறிந்துகொண்டு, இந்த மாதத்தோடு நின்றுகொள்வதாகச் சொன்னார். போகிற இடம் என் பெரியப்பா மகனின் பெரிய கம்பெனி. அங்கே குடியிருக்க வீடு தருகிறார்களாம். ஊரில் விட்டுவந்த மனைவியையும் மகளையும் கூட்டி வந்துவிடலாமாம். நல்லது என்று சொன்னேன், மனசு சொல்லவில்லை. கிளம்பும்போது அவர் காரின் பின்னால் குனிந்து ஏதோ செய்ததை ஜன்னல் வழியாகப் பார்த்திருந்தேன்.

போதாதா எனக்கு? போகிற ஆள் கைவரிசையைக் காட்டிவிட்டான் என்று முடிவே கட்டிவிட்டேன். ஆத்திரம் தலைக்கேறியது. முதலில் அந்தப் பெரியப்பா மகன் அண்ணனுக்குத்தான் போன் போட்டேன்.

“ஏனுங்கண்ணா, அந்த டிரைவரைச் சேக்கறதுக்கு முன்னால நல்லா யோசிச்சுக்குங்க. வண்டில கைய வெச்சுட்டுப் போற ஆளுங்க.”

“நல்லவேளை சொன்னே கண்ணு,” என்றார் அண்ணன். வேறு எதுவும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகுதான் டிரைவரைக் கூப்பிட்டேன். லீவு நாளிலும் கால் மணி நேரத்தில் வந்து நின்றார். நான் கையைக் கட்டிக்கொண்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருமுறை செல்ஃபை அடித்துக் காது கொடுத்துக் கேட்டார். பிறகு நேராகப் பின்னால் போய் மண்டியிட்டு, சைலென்சர் குழாய்க்குள் விரலை விட்டார். பனியன் வேஸ்ட் வந்தது. இழுக்க இழுக்க முழ நீளத்துக்கு வந்தது, மயில் நீலத்தில்.

கலர் சரியில்லை என்று கழித்துப்போட்ட துணி அது. துடைக்க ஆகும் என்று நான்தான் வீட்டுக்கு எடுத்து வந்தேன். எங்கள் ஊரில் மெஷின் துடைக்க, சட்டி இறக்க, ஓட்டை அடைக்க எல்லாவற்றுக்கும் பனியன் வேஸ்ட்தான். பூஜையன்று காலையில் ஹோஸ் பிடித்துக் காரைக் கழுவியபோது, குழாய்க்குள் தண்ணீர் போகக் கூடாதென்று அதைத் திணித்ததும் நான்தான். கழுவி, சந்தனம் வைத்து, மாலை போட்டு, அதை மட்டும் மறந்துபோனேன். நம்பர் பிளேட்டின் மேல் புதிதாக ஒரு குங்குமப் பொட்டு இருந்தது. நேற்று அவர் குனிந்தது அதற்குத்தான்.

“யாரோ வெளையாட்டுப் பிள்ளைக அடைச்சிருக்குவ போலக்கா,” என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

இருக்கும் என்றேன். வெட்கமாக இருந்தது, ஆனாலும் அப்படித்தான் சொன்னேன்.

அவர் சாவியைத் திருப்பினார், எலுமிச்சம்பழம் நசுங்கியது. வழியெல்லாம் அண்ணனுக்கு முயன்றேன், லைன் கிடைக்கவில்லை. மத்தியானம் கிடைத்தபோது, தப்பு என்னுடையது என்றேன். அதற்குள் அண்ணன் பல்லடத்து டிரைவர் ஒருவருக்கு வாக்குக் கொடுத்து, அந்த வீட்டுச் சாவியையும் கொடுத்துவிட்டாராம்.

மாதம் பிறந்தும் டிரைவர் என்னிடமே வந்து நின்றார். அந்த வேலை அமையவில்லை, ஏன் என்று அவர்கள் சொல்லவில்லை என்றார். நானும் சொல்லவில்லை. தினமும் வண்டியை எடுக்குமுன் பின்னால் போய் ஒருமுறை குனிந்து பார்க்கிறார். இவருக்குத் தெரிந்திருக்குமோ என்று தினமும் எனக்குச் சந்தேகம். அவர் மகள் போன வாரம் பெரியவளானாள். சடங்கு ஊரில்தான், அவர் போனில் பார்த்தார்.