கூடத்துத் தரைக்கு டைல்ஸ் போட்ட வருஷம்

அந்தப் புயலில் எங்கள் தெருவில் ஓடு பறக்காத வீடு கிடையாது. கடலூர் முதுநகரில் யாரைக் கேட்டாலும் தங்கள் வீட்டு ஓடு எங்கே போய் விழுந்தது என்று சொல்வார்கள். எங்கள் வீட்டுக்குப் புது ஓடு சீக்கிரமே போட்டாகிவிட்டது. தரைதான் கெட்டுப் போனது. மேலேயிருந்து கொட்டிய மழை கூடத்தில் நின்று ஊறியதில், என் வீட்டுக்காரர் இருந்தபோது போட்ட சிவப்பு சிமெண்ட் தரை பொரித்த அப்பளம் மாதிரி உப்பிக்கொண்டது. கால் வைத்த இடமெல்லாம் பொருக்குப் பொருக்காக உடைந்தது.

அப்படி உடைந்த ஓர் இடத்தில்தான் ஒருநாள் கால் இடறி விழுந்தேன். முட்டி வீங்கியதோடு சரி, எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டேன். பக்கத்து வீட்டுப் பெண் என் மகனுக்குப் போன் போட்டுவிட்டாள். எனக்கு ஒரே மகன். சிதம்பரத்தில் வேலை, பெண்டாட்டி பிள்ளைகளோடு அங்கேதான் குடித்தனம். அன்று மத்தியானமே வந்து நின்றான்.

"எம்மா, கிளம்பு. இந்த வூட்ட பூட்டிட்டு எங்கூட வந்துடு."

"எதுக்கு? தரை ஒடஞ்சா தரையப் போடு. நான் இன்னா ஒடஞ்சா போயிட்டேன்?"

"இன்னிக்கி ஒடயல. நாளைக்கி?"

"நாளைக்கிப் பாத்துக்கலாம் போடா."

வாசல்வரை போனவன், திரும்பி வந்து சொன்னான்: "சரி. டைல்ஸ் போட்டுத் தரேன். ஆனா அந்தத் தரையில நீ ஒரு தடவ விழுந்தன்னு வெச்சுக்க, மறுபேச்சு பேசக்கூடாது. அன்னிக்கே சிதம்பரம்."

"விழுந்தாதான?" என்றேன். பேச்சு அப்படி முடிந்தது. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். ஆனால் ஒருவர் என்னிடம் ஒப்புக்கொண்டதையும், நான் ஒப்புக்கொண்டதையும் எழுதி வைத்துத்தான் ஞாபகம் வைக்க வேண்டும் என்பதில்லை.

டைல்ஸ் கடைக்கு என்னையும் கூட்டிப்போனான். எல்லாம் முகம் தெரிகிற பளபளப்பு. சொரசொரப்பாக ஒன்று கேட்டேன். கடைக்காரப் பையன் சிரித்துவிட்டு, "அது பாத்ரூமுக்குப் போடறது பாட்டி" என்றான். மகனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. கூடத்தை பாத்ரூம் மாதிரி ஆக்க வேண்டாம் என்றான். கடைசியில் சந்தன நிறத்தில் ஒன்று எடுத்தோம். ரொம்ப வழவழப்பும் இல்லை, சொரசொரப்பும் இல்லை. காய்ந்திருந்தால் கால் நிற்கும், ஈரமானால் நிற்காது என்று விரலைத் தேய்த்துப் பார்த்தே தெரிந்துகொண்டேன். சொல்லவில்லை.

கிள்ளையிலிருந்து ஒரு மேஸ்திரி வந்தார். பழைய தரையை இடித்து அள்ளி, மணல் கொட்டி, கயிறு கட்டினார். வேலை ஆரம்பிக்கும் முன் அவரிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: வாட்டம், தண்ணீர் தானாக ஓடுகிற சரிவு. எங்கள் கூடத்தின் தெருப்பக்கச் சுவர் மூலையில் அடியோடு ஒரு தூம்பு உண்டு. வெள்ளிக்கிழமை குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக் கூட்டித் தள்ளினால், தண்ணீர் சுவரிலிருக்கும் அந்த ஓட்டை வழியாகத் தெருக் கால்வாய்க்குப் போய்விடும். நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அப்படித்தான் இந்த வீடு கழுவப்பட்டது. துணியை நனைத்துத் தரையைத் தடவுவதை நான் சுத்தம் என்று சொல்வதில்லை.

"டைல்ஸ் தரைய யாரு ஆயா தண்ணி ஊத்திக் கழுவுறாங்க? மாப் போட்டு ஒரு இழுப்பு. வேல முடிஞ்சுது."

"உங்க வூட்டுல இழு. எனக்குத் தூம்புப் பக்கம் வாட்டம் வேணும்."

"வாட்டம் வுட்டா பீரோ ஆடும்."

"பீரோ ஆடட்டும்பா. நான் ஆடாம இருந்தா போதும்."

அந்த மனிதர் வாய்விட்டுச் சிரித்தார். ஆனால் சொன்னபடி செய்தார். தண்ணீர் நிரப்பிய டியூபைப் பிடித்துப் பிடித்துப் பார்த்து, மூலைக்கு வரவர ஒரு விரல்கடை இறக்கினார்.

கட்டிங் மெஷினால் டைல்ஸை அறுக்கும்போது பறக்கிற தூசு எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. இருமல் பிடித்துக்கொண்டது. ராத்திரி போனில் பேசும்போது மகன் அதைக் கேட்டுவிட்டு, மறுநாள் ஆட்டோவோடு வந்தான். வேலை முடிகிறவரைதான் என்று சொல்லி, ஒரு பையோடு கிளம்பினேன். இரண்டு பை எடுத்தால் தங்கப்போகிறேன் என்று நினைத்துவிடுவார்கள்.

சிதம்பரத்தில் அவர்களுக்கு மாடி வீடு. மரியாதைக்குக் குறைவில்லை. மருமகள் எனக்கென்று தனியாகக் காரம் குறைத்துச் சமைத்தாள். பேரப்பிள்ளைகள் படிக்கிற அறையில் எனக்குக் கட்டில் போட்டார்கள். காலையில் எல்லோரும் கிளம்பும்வரை வீடு திருவிழா மாதிரி இருக்கும். பிறகு கதவைச் சாத்தும் சத்தம் கேட்கும். அதற்கப்புறம் சாயங்காலம்வரை ஒன்றுமில்லை. பால்கனியில் நின்றால் கீழே போகிறவர்களின் தலை தெரியும். என் தெருவில் என்றால் தலையைப் பார்த்தே ஆளைக் கூப்பிடுவேன். இங்கே யாரை என்னவென்று கூப்பிடுவது? ஒருநாள் சும்மா இருக்க முடியாமல் வாளியில் தண்ணீர் எடுத்துச் சமையலறையைக் கழுவிவிட்டேன். சாயங்காலம் கீழ்வீட்டுக்காரர் மேலே ஏறி வந்து, கூரை சொட்டுகிறது என்று மருமகளிடம் சொன்னார்.

அவள் என்னைக் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் நானும் இரண்டு வார்த்தை பேசியிருப்பேன். "பரவால்ல அத்தை, உங்களுக்குத் தெரியாதுல்ல" என்றாள். சாப்பிடும்போது அவளாகவே சொன்னாள்: "அந்த வூட்ட வாடகைக்கு விட்டா நல்லா போகும்னு இவரு சொல்றாரு. டைல்ஸ் போட்ட வூட்டுக்கு இப்ப கிராக்கி ஜாஸ்தியாம்."

நான் தட்டிலிருந்து தலை தூக்கவில்லை. "வூட்டுல ஆள் இருக்கும்போது எப்பிடி வாடகைக்கு வுடுவீங்க?" என்று மட்டும் கேட்டேன். மகன் தண்ணீர் குடிக்கிற மாதிரி முகத்தை மறைத்துக்கொண்டான்.

நான் ஊர் திரும்பியபோது வேலை முடிந்திருந்தது. தரைக்கு மேல் சுவரைச் சுற்றி, ஒரு சாண் உயரத்துக்கு ஸ்கர்ட்டிங் என்று கருப்பு டைல்ஸ் ஒட்டியிருந்தார்கள். சுவரில் ஈரம் ஏறாதாம், அழுக்கும் தெரியாதாம். கிள்ளை மேஸ்திரி வேறு வேலைக்குப் போய்விட்டதால், அதை ஒட்டியது குடிகாட்டிலிருந்து வந்த வேறொரு ஆள் என்று பக்கத்து வீட்டுப் பெண் சொன்னாள். கோடு போட்ட மாதிரி நேராக இருந்தது. புதுப் புடவைக்குக் கரை வைத்தது போல. நான் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தேன். என்னைத் தவிர அதைப் பார்க்க யாருமில்லை என்பதும் அப்போது தோன்றியது.

வெள்ளிக்கிழமை வந்தது. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சோப்புத்தூள் கரைத்து, சமையலறை வாசலில் நின்றபடி குடம் குடமாகக் கூடத்தில் ஊற்றினேன். மேஸ்திரி சொன்ன சொல் காப்பாற்றியிருந்தார். தண்ணீர் ஆடு மாடு தொழுவத்துக்குப் போவதுபோல நேராக அந்த மூலைக்குப் போனது. போய் அங்கேயே நின்றது. மேலே மேலே ஏறித் திரும்பி என் பக்கம் வரத் தொடங்கியது.

அத்தனை தடவை சுற்றி வந்தும் கரையின் அழகில் தவறவிட்ட மூலையை அப்போதுதான் பார்த்தேன். தூம்பு இல்லை. ஸ்கர்ட்டிங் ஒட்டியவர் அதற்கு மேலேயே வரிசையாக ஒட்டிக்கொண்டு போயிருந்தார். வெளியூர்க்காரருக்கு அது எலி போட்ட ஓட்டை மாதிரி தெரிந்திருக்கும். பாவம், நல்லது செய்வதாக நினைத்து அடைத்திருப்பார்.

கூடம் முழுக்கச் சோப்புத் தண்ணீர். இந்தப் பக்கம் நான், எனக்குப் பின்னால் தெருவுக்கு வழியில்லாத கொல்லை. அந்தப் பக்கம் வாசல் கதவு, உள்தாழ்ப்பாள் போட்டபடி. ஜன்னல் கட்டையில் என் போன். ஒரு காலை வைத்துப் பார்த்தேன், சறுக்கியது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன். பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிடலாம். அவள் வந்து பார்த்துவிட்டு, முதலில் என் மகனுக்குத்தான் போன் போடுவாள்.

அந்த நேரம் போன் அடித்தது. மகன்தான். வெள்ளிக்கிழமை அவன் கூப்பிடுகிற நேரம். அடித்து நின்றது. மறுபடி அடித்தது. மறுபடியும். நான் எடுக்கவில்லை என்றால் அவன் என்ன நினைப்பான் என்று எனக்குத் தெரியும். பஸ் ஏறிவிடுவான். வந்து இந்தக் குளத்தின் நடுவில் என்னைப் பார்த்தால், விழுந்தேனா விழவில்லையா என்று கேட்கவே மாட்டான்.

தேங்காய் உடைக்கிற வெட்டுக்கத்தியை எடுத்துக்கொண்டேன். நிலைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். உட்கார்ந்தவள் விழ முடியாது. அப்படியே கையை ஊன்றி, குழந்தை தவழ்வதற்கு முன்னால் பின்பக்கத்தால் நகருமே, அதுபோல நகர்ந்தேன். புடவை, பாவாடை எல்லாம் நனைந்து கனத்தது. யாரும் பார்க்கவில்லை என்பது அன்றைக்கு ஒருநாள் எனக்கு நல்லதாக இருந்தது.

மூலைக்குப் போய்க் கத்திப் பிடியால் கருப்பு டைல்ஸைத் தட்டித் தட்டிப் பார்த்தேன். கெட்டி, கெட்டி, கெட்டி. ஓரிடத்தில் பொக்கென்று கேட்டது. கத்தியைத் திருப்பி முதுகால் அடித்தேன். வெடித்தது. இன்னும் ஓங்கி அடித்தேன். உடைந்த சில்லைப் பிடுங்கி, அடைத்திருந்த சிமெண்டைக் குத்தினேன். களக்கென்று ஒரு சத்தம். வீடு தண்ணீரை விழுங்க ஆரம்பித்தது.

தரை வடிந்து முடிவதற்குள் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. மறுபடி அடித்த போனை ஜன்னலருகே நகர்ந்து போய் எடுத்தேன்.

"எங்கம்மா போன? எத்தினி தடவ அடிக்கிறேன்!"

"கொல்லையில இருந்தேன்டா."

"நான் ஆலப்பாக்கம் தாண்டிட்டேன். வந்துனே இருக்கேன்."

அவன் கதவைத் தட்டும்போது நான் வேறு புடவை மாற்றி, தலை சீவி, நெற்றிக்கு இட்டுக்கொண்டு நின்றேன். தரை காய்ந்திருந்தது. உள்ளே வந்தவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். பிறகு மூலையைப் பார்த்தான். கொடியில் சொட்டிக்கொண்டிருந்த புடவையைப் பார்த்தான்.

"யாரு ஒடச்சது?"

"நான்தான்."

"புது டைல்ஸும்மா!"

"தண்ணி போவ வழி இல்லாத வூட்டுல மனுசி எப்பிடி இருக்கிறது? தூம்ப அடச்சிட்டுப் போயிருக்கான். தொறந்தேன்."

"நீ விழலையே?"

"விழுந்திருந்தா உனக்குக் கதவ யாரு தொறந்தது? உங்கப்பனா?"

அவன் மூலைக்குப் போனான். குந்தி உட்கார்ந்து, உடைந்த விளிம்பை விரலால் தடவிப் பார்த்தான். நான் எப்படி அங்கே போனேன் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். கடைக்குப் போய்ச் சல்லடை மாதிரி சின்னதாக ஒரு பிளாஸ்டிக் ஜாலியும் ஒயிட் சிமெண்டும் வாங்கி வந்தான். எலி வராமல், தண்ணீர் மட்டும் போகிற மாதிரி தூம்பில் பொருத்தினான். அவன் அப்பா போலவே நாக்கைக் கடித்துக்கொண்டு வேலை செய்தான். சாப்பாடு போட்டேன். கருவாட்டுக் குழம்பு. இரண்டாம் தரம் கேட்டு வாங்கினான்.

கிளம்பும்போது செருப்பை மாட்டியபடியே சொன்னான்: "சரிம்மா. நீ இங்கயே இரு. வாடகைப் பேச்செல்லாம் இல்ல. இனிமே உன்ன வா வான்னு தொந்தரவு பண்ண மாட்டேன்."

"அது" என்றேன்.

தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். வீட்டை ஜெயித்துவிட்டேன். அன்று சாயங்காலம் கூடத்தில் நடந்தால் என் காலடி எனக்கே கேட்டது. சிமெண்ட் தரையில் கேட்டதில்லை.

அவன் சொல் தவறாதவன். என் பிள்ளை. முன்பெல்லாம் போன் வைக்கும் முன் கடைசியாக, "கிளம்பி வந்துடும்மா" என்பான். நான் "வரமாட்டேன் போடா" என்று சொல்லி வைப்பேன். அதைச் சொல்வதற்காகவே அந்த நாளை எதிர்பார்த்திருப்பேன். இப்போதும் வெள்ளிக்கிழமை தவறாமல் கூப்பிடுகிறான். "சாப்ட்டியா, மாத்திரை போட்டியா, தரை கழுவுனியா" என்று கேட்கிறான். எல்லாவற்றுக்கும் ஆமாம் என்கிறேன். "சரிம்மா, வெக்கிறேன்" என்று வைத்துவிடுகிறான். அவன் வைத்த பிறகும் நான் கொஞ்ச நேரம் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டிருக்கிறேன்.