மாப்பிள்ளை கருக்கிய பிட்சா

பிட்சா என்றால் மெல்லியதாகத்தான் இருக்கவேண்டும் என்று யாராவது வாய் தவறிச் சொல்லிவிட்டால், என் சின்னம்மா கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டுச் சண்டைக்கு வந்துவிடுவார். நாங்கள் இத்தாலியில், சிசிலித் தீவின் பலேர்மோக்காரர்கள். எங்களுக்கு ஸ்ஃபின்ச்சோனேதான். இரண்டு விரல் தடிப்பில் பஞ்சு மாதிரி மா, அதன்மேல் வதக்கிய வெங்காயம், தக்காளி, உப்பு நெத்தலி, சீஸ், எல்லாவற்றுக்கும் மேலே எண்ணெயில் பிசறிய பாண்தூள், அதாவது ரொட்டித்தூள். மன்னாரில் பிறந்த சின்னம்மா எந்த உரிமையில் பலேர்மோக்காரி ஆனார் என்று நீங்கள் கேட்கக்கூடாது. கேட்டவர்கள் வாங்கிக் கட்டிக்கொண்டதுதான் மிச்சம்.

இது தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. எனக்கு அப்போது எட்டு வயது. போர்கோ வெக்கியோவில், துறைமுகத்துக்குக் கிட்ட, இரண்டு அறை வீட்டில் இருந்தோம். அம்மா ஒரு சிஞ்ஞோராவின், அதாவது இத்தாலியச் சீமாட்டியின், வீட்டில் தங்கி வேலை செய்தார். வியாழன் பின்னேரமும் ஞாயிற்றுக்கிழமையும்தான் எங்களுக்குக் கிடைப்பார். அப்பா ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு மீன் சாப்பாட்டுக் கடையில் சட்டி கழுவினார். அவர் வீடு வரும்போது நான் நித்திரையாகிவிடுவேன். ஆகவே எனக்குத் தலை பின்னுவது, பேன் எடுப்பது, பள்ளிக்கூட வாசலில் வந்து நிற்பது, என்னை அடித்த பொடியனின் தாயோடு தெருவில் நின்று அரைகுறை இத்தாலியனில் வாக்குவாதப்படுவது, எல்லாமே அம்மாவின் தங்கையான சின்னம்மாதான். அவரில்லாத ஒரு நாளை என்னால் நினைத்துப் பார்க்கவும் முடியாது. நினைத்துப் பார்க்கவேண்டிய தேவையும் அதுவரை வரவில்லை.

வந்தது, நாப்போலியிலிருந்து ஒரு சம்பந்தமாக. பொடியன் எங்கள் பக்கத்து ஆள், கோயில் பூசைக்குத் தவறாதவன், குடி வெறி இல்லை, நாப்போலியில் பெயர் போன ஒரு பிட்சாக் கடையில் அடுப்படியில் நிற்கிறான், நல்ல கைக்காரன் என்று முதலாளியே சொல்கிறானாம். அம்மா இதையெல்லாம் அப்பாவுக்கு அடுக்கிக்கொண்டு போக, நான் கட்டிலுக்குக் கீழே பென்சில் தேடுகிறவள் போலப் படுத்திருந்து கேட்டேன். அதில் ஒரு விசயம்தான் என் நெஞ்சில் போய்க் குத்தியது. கலியாணம் முடிந்த கையோடு சின்னம்மா கப்பலேறி நாப்போலிக்குப் போய்விடுவாராம். அன்றைக்குப் படுக்கப் போகும்போது மாதா படத்துக்கு முன்னால் முழந்தாளிட்டு மிகவும் பக்தியாக மன்றாடினேன். மாதாவே, இந்த மாப்பிள்ளையை எப்படியாவது துரத்திவிடும்; கப்பலில் அவருக்குக் குமட்டிச் சத்தி வரச் செய்யும்; வந்த கப்பலிலேயே திரும்பிப் போகச் செய்யும்.

டிசம்பரில், அமலோற்பவ மாதா திருநாளுக்கு முதல் நாள் பொம்பிளை பார்க்க வருவதாக ஏற்பாடு. அந்த நாளில் பலேர்மோவில் ஸ்ஃபின்ச்சோனே செய்யாத வீடும் இல்லை, வாங்காத வீடும் இல்லை. தெரு முழுக்க வெங்காய வாசம். அம்மா சிஞ்ஞோராவிடம் கெஞ்சி லீவு எடுத்து வந்திருந்தார். பயிற்றம் பணியாரமும் கேக்கும் வைப்போம் என்று அம்மா சொல்ல, சின்னம்மா கேட்கவில்லை. பிட்சாக்காரருக்கு நான் என்ரை கையாலை ஸ்ஃபின்ச்சோனே செய்து குடுக்கிறன் என்று விடியவே மாவைப் பிசைந்து, அதை என்னுடைய கம்பளியால் போர்த்து வைத்துவிட்டார். எனக்கோ குளிரில் நடுக்கம். கேக்கை அம்மா பிடிவாதமாக வாங்கி அலுமாரிக்குள் வைத்திருந்தார். சரிவந்தால் வெட்டலாம் என்பது அவர் கணக்கு.

மாப்பிள்ளை வந்தார். நெடிய, மெலிந்த மனிதர். முழங்கை வரை சின்னச் சின்னச் சூட்டுத் தழும்புகள். கூட வந்த அவருடைய பெரியம்மாவின் முகம் பச்சைத் தண்ணீர் மாதிரி வெளிறிப் போயிருந்தது. இரவு முழுக்கக் கப்பலில் சத்தி எடுத்தாராம். மாதா என் மன்றாட்டைக் கேட்டிருக்கிறார், ஆளைத்தான் மாற்றிவிட்டார் என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது.

சின்னம்மா நீலச் சேலை உடுத்து, தொதல் இனிப்புத் துண்டுபோலச் சரிவாக வெட்டிய ஸ்ஃபின்ச்சோனேயைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்தார். எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம். பொம்பிளை கொண்டுவரும் தட்டில் எது இருந்தாலும், அது கல்லாகவே இருந்தாலும், நல்லாயிருக்கு என்று சொல்லிச் சாப்பிடவேண்டும். பிடிக்கவில்லை என்றால் ஊருக்குப் போய்க் கடிதம் போட்டுச் சொல்லலாம். தட்டில் குறை சொன்னால் அது பெண்ணைக் குறை சொன்னதாகும். மாப்பிள்ளை ஒரு துண்டை எடுத்தார். கண்ணை மூடிக்கொண்டு மென்றார். நாங்கள் எல்லோரும் அவருடைய தாடையையே பார்த்துக்கொண்டிருந்தோம். எப்படி இருக்கு என்று பெரியம்மா கேட்டார்.

“நல்ல ருசிதான். ஆனா இது பாண். பிட்சா எண்டு சொல்லேலாது.”

மனிதர் பாவம், நாப்போலி அடுப்படியில் நின்று நின்று, அங்கே எல்லோரும் நாள் முழுக்கச் சொல்வதைத்தான் சொன்னார். அதைப் பொம்பிளை பார்க்க வந்த வீட்டில் சொல்கிறோம் என்பது அவருக்கு மறந்துவிட்டது. அப்பா தேத்தண்ணிக் கோப்பையை டக்கென்று கீழே வைத்தார். அம்மாவின் கண் கலங்கிவிட்டது. பெரியம்மா மாப்பிள்ளையின் தொடையில் கிள்ளியதை நான் கண்டேன். ஆகா, காரியம் கெட்டது, சின்னம்மா எனக்குத்தான் என்று நான் கதவுக்குப் பின்னால் நின்று ஒரு துள்ளுத் துள்ளினேன்.

ஆனால் சின்னம்மா உள்ளே போகவில்லை. போயிருக்கவேண்டும், அதுதான் முறை. மாப்பிள்ளையோடு நேரே கதைப்பதும் முறையில்லை என்பதால், ஒரு கை தூரத்தில் இருந்த அந்த மனிதருக்கு அம்மா வழியாகப் பதில் அனுப்பினார்.

“அக்கா, அப்ப பிட்சா எண்டா என்னெண்டு ஒருக்காச் செய்து காட்டச் சொல்லுங்கோ.”

மாப்பிள்ளையின் காது சிவந்துபோனது. அவரும் விட்டுக்கொடுக்கவில்லை. பாண் சுடும் போறணை அடுப்பு இருந்தால் செய்து காட்டுவேன் என்று தன் பெரியம்மாவிடம் சொன்னார். தெருமுனையில் போறணை இருக்கிறதாம் என்று சின்னம்மா அம்மாவிடம் சொன்னார். அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் மீசையைத் துடைப்பதுபோல வாயைப் பொத்தினார். சரி, போய்க் காட்டட்டும், ஆனால் தனியே போகக்கூடாது, பிள்ளை கூடப் போகட்டும் என்று தீர்ப்பு வந்தது. பெரியம்மாவுக்கு எழும்ப உடம்பில் தெம்பில்லை. ஆக, இருவருக்கும் காவல் நான். அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில், இரண்டு முழங்கையையும் அகட்டிக்கொண்டு நடந்தேன்.

தெருமுனைப் போறணையில் அன்று ஊரே நின்றது. பீப்பாய் போன்ற வயிறுள்ள போறணைக்காரர், விசயத்தைக் கேட்டதும் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். மாதாவின் திருநாளுக்கு முதல் நாள், பலேர்மோவின் நடுவில், தன்னுடைய போறணைக்குள், நாப்போலிப் பிட்சாவா! வரிசையில் நின்ற பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். ஒருத்தி, விடுங்கோ, செய்து பார்க்கட்டும், அப்போதுதான் வாயை மூடுவான் என்றாள். சரி, செய்யட்டும், ஆனால் ருசி பார்த்துச் சொல்வது நாங்கள் என்று முடிவாயிற்று. நான் இத்தாலியனில் எல்லோருக்கும் நிலைமையை விளங்கப்படுத்தினேன். இவர் வென்றால் என் சின்னம்மாவைக் கப்பலில் கொண்டு போய்விடுவார் என்றேன். அந்த விதியை யார் வைத்தது என்று யாரும் கேட்கவில்லை. தெரு முழுவதும் என் பக்கம் சாய்ந்தது.

மாப்பிள்ளை சட்டைக் கையைச் சுருட்டினார். போறணைக்காரர் முனகிக்கொண்டு கொடுத்த மா உருண்டையை வாங்கி, தட்டி, விரித்து, மேலே எறிந்தார். அது சுழன்றது. பெரிதாகிக்கொண்டே வந்து அவருடைய கையிலேயே விழுந்தது. மறுபடி எறிந்தார். விளக்கு வெளிச்சம் அதற்குள்ளால் தெரிந்தது. பிள்ளைகள் எல்லாம் கை தட்டினார்கள். நானும் என்னை மறந்து இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, உடனே கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். சொல்லத்தான் வேண்டும், கைக்காரன்தான். தக்காளியைத் தடவி, சீஸைப் பிய்த்துப் போட்டு, நீளக் கட்டையால் ஒரே தள்ளில் உள்ளே விட்டார். நாப்போலியில் கண்ணை மூடித் திறப்பதற்குள் வெந்துவிடும், இந்தப் போறணையில் சூடு குறைவு, கொஞ்ச நேரம் செல்லும் என்றார்.

யாரிடம் சொன்னார் என்று பார்த்தேன். நேரே சின்னம்மாவிடம் சொல்லியிருந்தார்.

இருவரும் போறணை வாய்க்கு முன்னால் நின்றார்கள். அங்கே அக்காவும் இல்லை, பெரியம்மாவும் இல்லை. சின்னம்மா நெருப்பைப் பார்த்துக்கொண்டு, மெல்லிய குரலில், ஆனால் தெளிவாகச் சொன்னார்.

“நான் நாப்போலிக்கு வரமாட்டன். இந்தப் பிள்ளையை விட்டிட்டு வர என்னாலை ஏலாது. உங்களுக்கு நேரிலை சொல்லவேணும் எண்டுதான் இஞ்சை கூட்டிக்கொண்டு வந்தனான்.”

நான் கேட்டது அவ்வளவுதான். அதற்குமேல் கேட்க எனக்கு என்ன தேவை? வரமாட்டன் என்று சொல்லியாயிற்று! நான் வாசலுக்கு ஓடிப்போய், வரிசையில் நின்ற பெண்களிடம், சின்னம்மா மாட்டேன் என்று சொல்லிவிட்டார் என்று கத்தினேன். அவர்கள் என்னைத் தூக்கி முத்தமிட்டார்கள். அந்த நேரத்தில் போறணைப் பக்கத்தில் நடந்ததைச் சின்னம்மா எனக்குச் சொன்னது நான் வளர்ந்து பெரியவளான பிறகு. மாப்பிள்ளை கையில் ஒட்டியிருந்த மாவை ஒவ்வொரு விரலாக உரசி எடுத்தாராம். முதலாளி, சம்பளம், அந்தப் பெரிய நகரத்து அடுப்படியில் கிடைத்த பெயர், எல்லாவற்றையும் நினைத்தாராக்கும். பிறகு, “அப்ப நான் இஞ்சை வாறன்” என்றாராம். சின்னம்மா நம்பாமல், இங்கே வந்து என்ன செய்வீர்கள் என்று கேட்டாராம். பாண் சுடப் பழகுவேன் என்றாராம். அதற்குச் சின்னம்மா சிரிக்க, அந்தச் சிரிப்பை அவர் பார்க்க, போறணைக்குள் ஒரு பிட்சா இருக்கிறது என்பதை இரண்டு பேருமே மறந்துவிட்டார்கள்.

புகையைக் கண்டு முதலில் கத்தியது போறணைக்காரர். சந்தோசத்தில் கத்தினார். மாப்பிள்ளை பதறிப்போய்க் கட்டையை உள்ளே விட்டு இழுத்தால், வெளியே வந்தது கரிச்சட்டியின் அடிப்பக்கம். தெரு சிரிப்பில் அதிர்ந்தது. நியாயம் நியாயம்தான் என்று போறணைக்காரர் அதிலும் ஒரு துண்டை உடைத்து வரிசையில் நின்ற ஒரு கிழவருக்குக் கொடுத்தார். அவர் அதைத் தன் நாய்க்குப் போட்டார். நாய் மணந்து பார்த்துவிட்டு மற்றப் பக்கம் போய் இருந்துகொண்டது. பலேர்மோ வென்றது! போறணைக்காரர் தன் ஸ்ஃபின்ச்சோனேயில் பெரிய துண்டாக வெட்டித் தோற்றவரின் கையில் கொடுத்தார். மாப்பிள்ளை அதைச் சாப்பிட்டார். இன்னொன்றும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். முகத்தில் மருந்துக்கும் வெட்கமில்லை. ஐயோ, என்ன மனிதர் இவர் என்று எனக்கு ஒருமாதிரி ஆகிவிட்டது.

வீட்டுக்கு ஓடிப்போய்ச் செய்தியைச் சொன்னது நான்தான். கருகிப்போச்சு, கருகிப்போச்சு என்று படியேறும்போதே கத்தினேன். பின்னால் வந்தவர்கள் பெரியவர்களோடு உள் அறைக்குள் போய் என்னவோ கதைத்தார்கள். என்னை வெளியே விட்டுக் கதவைச் சாத்தினார்கள். திறந்தபோது அம்மா அழுதுகொண்டு சிரித்தார், அப்பா மாப்பிள்ளையின் தோளில் தட்டினார், பெரியம்மாவின் முகத்தில் இரத்தம் திரும்பி வந்திருந்தது. அலுமாரியிலிருந்து கேக் வெளியே வந்தது. ஸ்ஃபின்ச்சோனே வென்றதற்குக் கேக் வெட்டுகிறார்கள் என்று நான் நினைத்தேன். பெரியவர்களுக்கும் இவ்வளவு ஊர்ப்பற்று இருக்கிறதே என்று பெருமையாக இருந்தது. பூப்போட்ட துண்டை எனக்கே தரச் சொல்லி அடம்பிடித்து வாங்கினேன். இந்தப் போட்டியை வென்று கொடுத்தவளே நான்தானே.

பின்னேரம் எல்லோரும் துறைமுகத்துக்கு நடந்து போனோம். நாப்போலிக் கப்பல் விளக்குகளைப் போட்டுக்கொண்டு நின்றது. மாப்பிள்ளை பெரியம்மாவைக் கைத்தாங்கலாக ஏற்றிவிட்டு மேல்தட்டில் வந்து நின்றார். எனக்குப் பொறுக்கவில்லை. கப்பலே திரும்பிப் பார்க்கும்படி, “தோத்துப் போனியள்! தோத்துப் போனியள்!” என்று கத்தினேன். அம்மா என் தலையில் ஒரு குட்டுக் குட்டினார். மேலே இருந்து அவர் இரண்டு கையையும் வாயில் குவித்து, “ஓம் பிள்ளை, நல்லாத் தோத்துப் போனன்!” என்று திருப்பிக் கத்தினார். கப்பல் நகர்ந்து, முகம் தெரியாத தூரம் போன பிறகும் அவருடைய கை ஆடிக்கொண்டே இருந்தது.

இவ்வளவு கேவலமாகத் தோற்ற மனிதர் ஏன் இப்படிச் சந்தோசமாகக் கை காட்டுகிறார் என்று சின்னம்மாவைக் கேட்டேன். சின்னம்மா என் கையைப் பிடித்திருந்த பிடியை இன்னும் இறுக்கினார். வீடு வந்து சேரும்வரை கை நோகுது, கை நோகுது என்று நான் சிணுங்கிக்கொண்டே வந்தேன்.